பெயர், மின்னஞ்சல், நேரம்

"நான் மூணு பேரா வர்றேன்ம்மா" என்றாள்.

பத்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த பி.சி.ஏ. மாணவி. இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திருமுல்லைவாயிலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண்டு மதிப்பீட்டுக்காக, குழுவில் யார் எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். (எழுதிய வரிகளை எண்ணி உழைப்பை அளந்துவிடலாம் என்று நம்பும் மேலாளர்களைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம். சமையலை வெந்த அரிசியின் எண்ணிக்கையால் அளப்பது போன்றது அது.) நிரலை ஓடவிட்டதும் பட்டியல் வந்தது. பதினோரு பேர் உள்ள குழுவில் பதின்மூன்று பெயர்கள். கூடுதலாக வந்த இரண்டும் அவளே.

வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாவின் முதலெழுத்தோடு ஒரு பெயர். திருமணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டில் கணவர் பெயர் ஏறியது, அலுவலகமும் அதைப் பார்த்து மின்னஞ்சலை மாற்றியது, அந்தப் பெயரில் நான்கு வருடம். பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகு முன்னும் பின்னும் எதுவும் இல்லாத வெறும் பெயர். மூன்றும் ஒருத்தி என்று அவளுக்குத் தெரியும், பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும். நிரலுக்குத் தெரியவில்லை. "நீங்க பேரைப் பத்தி நிறைய சொல்வீங்களேம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். அன்றிலிருந்து சில வாரங்கள், அவள் சொல்லிக்கொடுக்க, நான் ஒரு பிரதியை வாசிப்பதுபோல அந்த நிரல் வரிகளை வாசித்தேன். அந்த வாசிப்புதான் இது.

முதலில் கிட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாவலைத் திருத்தும்போது ஒவ்வொரு திருத்தப் படியையும் தேதி போட்டு எடுத்து வைத்தால் எப்போது எது மாறியது, யார் மாற்றினார் என்று பின்னால் பார்க்கலாம் அல்லவா? நிரல்களுக்கு அதைச் செய்யும் கருவி கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். எடுத்து வைக்கும் ஒவ்வொரு படிக்கும் கமிட் என்று பெயர். கிட் வைத்திருக்கும் இந்த வரலாற்றை வேறு நிரல்கள் படிக்கவும் எழுதவும் உதவும் லைப்ரரிகள் பல உண்டு. அவற்றில் பெரிதும் புழங்குவது லிப்கிட்2. என் மாணவி பைத்தான் மொழியில் எழுதியதால் பைகிட்2 வழியாக அதைத்தான் பயன்படுத்தினாள்.

இந்த லைப்ரரியில் பயனர் கணக்கு என்று ஒன்று கிடையாது. கடவுச்சொல் இல்லை, உறுப்பினர் எண் இல்லை. ஒரு மனிதரைக் குறிக்க இருப்பது ஒரே ஒரு சிறு கட்டமைப்பு. அதன் பெயர் சிக்னேச்சர், கையொப்பம். அதற்குள் மூன்று புலங்கள்: பெயர், மின்னஞ்சல், நேரம். பெயரோ மின்னஞ்சலோ வெற்றாக இருந்தால் கையொப்பம் உருவாகாது, பிழைச்செய்தி வரும். வேறு கேள்வி எதுவும் அது கேட்பதில்லை.

இந்தக் கேட்காமையை நான் முதலில் ரசித்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் வாழ்நாளில் நாம் நிரப்பிய படிவங்களை எண்ணிப் பாருங்கள். தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். குடும்பப்பெயரே இல்லாத நாம் அதில் அப்பா பெயரை நீட்டி எழுதுவோம் அல்லது கணவர் பெயரைப் போடுவோம். ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கியவர்களின் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகியிருக்கும், முதற்பெயர் தெரியாது என்று பொருள். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று வந்ததே 2016 டிசம்பரில்தான். திருமணமாகாத தாய் தன் குழந்தையின் காப்பாளராக, தந்தை யார் என்று வெளிப்படுத்தத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2015-இல். இத்தனை காலம் போராடிப் பெற்றதை, எந்தப் பெண்ணியமும் அறியாத ஒரு சி மொழிக் கட்டமைப்பு தற்செயலாகக் கொடுத்துவிட்டது. பெயர் என்பது அதற்கு ஒரு எழுத்துச் சரம், அவ்வளவுதான். தந்தை இல்லை, சாதி இல்லை, பால் இல்லை. தமிழ் எழுத்தில் பெயரை எழுதினாலும் அப்படியே ஏற்கிறது.

ஒரே ஒரு சிறு குறும்பு உண்டு. பெயரின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் இடைவெளி, காற்புள்ளி, மேற்கோள் குறி ஆகியவற்றை லைப்ரரி உதிர்த்துவிடும், முந்தைய பதிப்புகளில் புள்ளியையும் உதிர்த்தது. இவற்றைக் கண்டுபிடிக்கும் செயற்கூறுக்கு அதை எழுதியவர்கள் வைத்த பெயருக்குத் தமிழில் அழுக்கு என்று பொருள். ஆக, "மலர் ச." என்று முதலெழுத்தைப் பின்னால் போட்டு எழுதும் அலுவலக வழக்கில் அந்தக் கடைசிப் புள்ளி அப்போது அழுக்காகி விழுந்துவிட்டது. அப்பாவின் எழுத்து மட்டும் நின்றது, அது சுருக்கம் என்பதற்கான அடையாளம் போய்விட்டது. இதைச் சொன்னபோது மாணவி சிரித்த சிரிப்பில் என் வீட்டுப் பூனை எழுந்து ஓடியது.

தமிழ் படித்த ஒருத்தியின் கண்ணுக்கு அடுத்துப் பட்டது இன்னொன்று. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு கையொப்பங்களை வைக்கிறது. ஆக்கியவர் ஒருவர், அதை வரலாற்றில் சேர்த்தவர் இன்னொருவர். பெரும்பாலும் இருவரும் ஒருவரே. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்துச் சேர்க்கும்போது இரு பெயர்களும் தனித்தனியே நிற்கும். இது நமக்குப் புதிதா? அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி, பாடியவர்கள் வேறு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடியவரையும் தொகுத்தவரையும் குழப்பிக்கொள்ளாத மரபு நம்முடையது. பாடியவர் பெயர் கிடைக்காதபோது, பாட்டுக்குள் இருந்த தொடரையே எடுத்து அவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் எல்லாம் அப்படி வந்தவர்கள். எழுதியதிலிருந்தே எழுதியவரை அடையாளம் காண்பது. காக்கையைப் பாடிய நச்செள்ளையாருக்கு அது பெயரின் முன்னே பட்டமாகவே சேர்ந்துகொண்டது.

ஆனால் அதே மரபில்தான் புறநானூற்று 112ஆம் பாடலும் இருக்கிறது. அதைப் பாடியவர்கள் பாரி மகளிர். இரண்டு பெண்கள், ஒரு பாட்டு, இருவருக்கும் சேர்த்துத் தந்தையின் பெயர். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பின்னால் வந்த மரபு கொடுத்தவை. கிட்டின் மாதிரியும் இங்கே சரியாக இடறுகிறது. ஆக்கியவர் என்ற இடம் ஒன்றே ஒன்று. இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்து சேர்ந்து எழுதினால், ஒருவர் பெயர்தான் கையொப்பத்தில் ஏறும். மற்றவர் பெயரைக் கமிட் செய்தியின் அடியில் 'உடன் ஆக்கியவர்' என்று ஒரு வரியாக எழுதும் வழக்கம் பிறகு வந்தது. லைப்ரரி அந்த அடிவரிகளைப் பிரித்துத் தரும், ஆனால் அவற்றைக் கையொப்பமாக மதிக்காது. என் மாணவியின் கணக்கெடுக்கும் நிரலிலும் அவை வரவில்லை. அவள் குழுவில் யார் விசைப்பலகையில் இருக்கிறார், யார் பக்கத்தில் உட்கார்ந்து "அங்க தப்பு, இப்படி மாத்துங்க" என்று சொல்கிறார் என்று கேட்டேன். பதிலை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு.

கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் நாற்பது எழுத்தும் எண்ணுமான ஒரு நீண்ட அடையாளம் உண்டு. அது யாரோ வரிசையாகக் கொடுக்கும் எண் இல்லை. கமிட்டின் உள்ளடக்கம், அதற்கு முந்தைய கமிட்டின் அடையாளம், ஆக்கியவர் பெயர், மின்னஞ்சல், நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. ஆகவே ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு கமிட்டில் என் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் அடையாளம் மாறும். அதைச் சுட்டும் அடுத்த கமிட்டின் அடையாளம் மாறும், அதற்கடுத்ததும், இன்று காலை வரை வந்த எல்லாமும். அந்த வரலாற்றின் நகலை வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய கணினியும் புதிய வரலாற்றோடு முரண்படும். யாரும் ரகசியமாகத் திருத்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது, அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. அழித்து எழுதப்பட்ட வரலாறுகளின் கொடுமையைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் திருத்தக் கூடாதது செய்த வேலையா, செய்தவளை அன்று அழைத்த பெயரா? இரண்டையும் ஒரே முத்திரைக்குள் வைத்து மூடிவிட்டார்கள். பெயர் மாறாத ஒருவருக்கு இந்த வேறுபாடே கண்ணில் பட்டிருக்காது.

கிட்டுக்கு முன்னால் பரவலாக இருந்த சப்வெர்ஷன் வேறு மாதிரி. அதில் வரலாறு ஒரு சர்வரில் இருக்கும், ஆக்கியவர் என்பது ஒவ்வொரு படியோடும் ஒட்டிய தனிப் பண்பு, சர்வரின் பொறுப்பாளர் அனுமதித்தால் பின்னால் மாற்றலாம். அது விடுதியின் வருகைப் பதிவேடு மாதிரி, வார்டன் மனது வைத்தால் அடித்து எழுதலாம். கிட் கல்வெட்டு. வார்டன் இல்லாத விடுதலை, ஆனால் உளி வைத்துச் செதுக்கியது. நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுக்கிறேன். பொருளில்லாத ஓர் எண்ணைக் கமிட்டுக்குள் முத்திரையிட்டுவிட்டு, அந்த எண்ணுக்கு உரிய பெயரை வெளியே, அவளே மாற்றக்கூடிய இடத்தில் வைத்திருக்கலாம். இது என் மாணவியே சொன்ன யோசனை. பத்து நிமிடத்தில் தோன்றியது அவளுக்கு, ஏனென்றால் மூன்று பெயர்களோடு வாழ்ந்தவள்.

இதே முத்திரை திருநங்கையரையும் திருநம்பியரையும் இன்னும் ஆழமாக வெட்டும். தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கென நல வாரியம் 2008-இல் அமைந்தது. தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதிசெய்தது. அரசிதழில் பெயரை மாற்றலாம், ஆதாரில் மாற்றலாம், கல்லூரிச் சான்றிதழுக்குக்கூட அலைந்து திரிந்து வழி தேடலாம். ஆனால் அவர் இருபது வயதில் எழுதிய நிரலின் கமிட் அவர் கைவிட்ட பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு தீர்வு இல்லாமல் இல்லை. அதன் பெயர் மெயில்மேப். திட்டத்தின் மேல்தளத்தில் ஒரு சிறு கோப்பு. அதில் ஒவ்வொரு வரியிலும், இந்த மின்னஞ்சலில் வந்தவர் உண்மையில் இன்ன பெயர், இன்ன மின்னஞ்சல் என்று எழுதலாம். முத்திரை உடையாது, காட்டும்போது மட்டும் புதுப்பெயர் தெரியும். லிப்கிட்2 இதையும் படிக்கிறது. எப்படிப் படிக்கிறது என்பதில்தான் என் விமர்சனம். ஒரு கமிட்டை ஆக்கியவர் யார் என்று கேட்க லைப்ரரியில் இரண்டு செயற்கூறுகள் உண்டு. 'கமிட் ஆத்தர்' என்று சுருக்கமாகக் கேட்டால் முத்திரைக்குள் இருக்கும் பழைய பெயர் வரும். 'கமிட் ஆத்தர் வித் மெயில்மேப்' என்று நீட்டிக் கேட்டால்தான் இன்றைய பெயர். அதாவது இயல்பான கேள்விக்குப் பதில் பழைய பெயர், அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் வேண்டுமென்றால் கூடுதலாகக் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கவும் வேண்டும். நிரலாளர்கள் சுருக்கமானதையே எடுப்பார்கள், என் மாணவியும் முதலில் அதைத்தான் எடுத்திருந்தாள். கிட்டின் சொந்தக் கட்டளை 2019-இலிருந்து வரலாற்றைக் காட்டும்போது மெயில்மேப்பைத் தானாகவே பார்க்கிறது. லைப்ரரியைக் கொண்டு எழுதப்படும் நிரல்களில் அது எழுதுபவரின் கவனத்தைப் பொறுத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெயில்மேப்பில் பழைய பெயரை எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை, பழைய மின்னஞ்சல் போதும். ஆனால் அந்த மின்னஞ்சலுக்குள்ளேயே பெயர் இருந்தால்? அலுவலகங்கள் மின்னஞ்சலை வேறெதிலிருந்து செய்கின்றன! இதுவரை ஆயிரக்கணக்கான கமிட்களுக்குள் சிதறிக் கிடந்த பழைய பெயரும் புதிய பெயரும், இப்போது ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில், எல்லோரும் திறந்து பார்க்கும் கோப்பில். மறைக்க விரும்புகிறவள் அறிவித்துவிட்டுத்தான் மறைக்க முடியும். பழைய முகவரியைச் சங்கேதமாக்கி எழுதலாம் என்று கிட்டை உருவாக்குபவர்களிடையே ஒரு முன்மொழிவு வந்தது. சங்கேதத்தை உடைப்பது கடினமல்ல என்ற மறுப்பும் வந்தது. அது சேரவில்லை.

மின்னஞ்சல் என்ற இரண்டாவது புலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொதுவெளியில் இருக்கும் எந்தத் திட்டத்திலும் அது யாருக்கும் தெரியும்படி கிடக்கிறது. கிட்ஹப்பில் பெண்கள் அனுப்பும் மாற்றங்கள் ஏற்கப்படும் வீதத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஆராய்ந்து பியர்ஜே இதழில் 2017-இல் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் பயனர்களின் மின்னஞ்சலைக் கூகுள் பிளஸ் பக்கங்களோடு பொருத்தி, 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாலினத்தைக் கண்டுபிடித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெண்களுடையது 78.7 விழுக்காடு ஏற்கப்பட்டது, ஆண்களுடையது 74.6. திட்டத்துக்கு வெளியாட்களாக வந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண் என்று தெரியாதபோது 71.8, தெரிந்தபோது 62.5. ஆண்களுக்கும் ஆண் என்று தெரிந்தால் வீதம் குறைந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. இந்த ஆய்வை மேற்கோள் காட்டும்போது எல்லோரும் முடிவைச் சொல்கிறார்கள். எனக்கோ வழிமுறைதான் திக்கென்றது. நல்லெண்ணம் உள்ள ஆய்வாளருக்கு இத்தனை பேரைத் தேடிக் கண்டுபிடிப்பது முடிந்தால், பிரிந்துபோன கணவருக்கு ஒருத்தியைத் தேடுவது எவ்வளவு எளிது? கிட்ஹப் எண் கலந்த மாற்று முகவரி ஒன்றைத் தருகிறது, அதை அமைத்துக்கொள்ளலாம். அமைப்பதற்கு முன் எழுதியவை அப்படியே நிற்கும்.

முகவரியை அமைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. கிட்டில் பெயரும் மின்னஞ்சலும் கணினியில் ஒருமுறை எழுதி வைத்தால் பிறகு கேட்காது. வீட்டில் ஒரே மடிக்கணினியை அண்ணனோடு பகிர்ந்துகொள்ளும் பெண்பிள்ளைகள் எங்கள் கல்லூரியில் இன்றும் இருக்கிறார்கள். அண்ணன் பெயர் முதலில் ஏறியிருக்கும். தங்கை இரவெல்லாம் எழுதிய புராஜெக்ட் அண்ணன் கையொப்பத்தில் போய்ச் சேரும், அவனுக்கே தெரியாமல். எதுவும் எழுதி வைக்காவிட்டால் கிட் கணினியின் பயனர் பெயரைப் பார்த்துத் தானாக ஒன்றை ஊகிக்க முயலும், அது யார் வாங்கிய கணினியோ அவர் பெயர். லிப்கிட்2 அப்படி ஊகிப்பதில்லை, பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்த நேர்மைக்காக அதை நான் பாராட்டுகிறேன்.

மூன்றாவது புலம் நேரம். நொடிக் கணக்கோடு, அவள் இருந்த நேர மண்டலத்தையும் நிமிடங்களில் வைத்திருக்கிறது. நமக்கு 330. மாணவியின் நடுப் பெயரில் இருந்த நான்கு வருடக் கமிட்களை அவள் நேரவாரியாக அடுக்கிக் காட்டினாள். முதல் பெயரில் இருப்பவை காலை பத்து மணி முதல் மாலை ஏழு வரை. நடுப் பெயரில் பகலில் கொஞ்சம், பிறகு ஒரு பெரிய இடைவெளி, மறுபடி இரவு பத்தரைக்கு மேல் ஒரு குவியல். அந்த இடைவெளியில் நடந்தது எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. "இது வரைபடமா போட்டா மேனேஜர் என்னைய ராத்திரி உழைக்கிற பொண்ணுன்னு பாராட்டுவார்ம்மா" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

கடைசியாக அவள் வந்தபோது நிரலை மாற்றியிருந்தாள். நீட்டிக் கேட்கும் செயற்கூறைப் போட்டிருந்தாள், உடன் ஆக்கியவர் வரிகளையும் எண்ணிக்கையில் சேர்த்திருந்தாள். அதனால் குழுவில் இன்னொரு பெண்ணின் எண்ணிக்கை இரட்டிப்பானதாம். மெயில்மேப் கோப்பில் அப்பாவின் முதலெழுத்து கொண்ட முகவரியை இன்றைய பெயரோடு இணைத்து ஒரு வரி எழுதியிருந்தாள். கணவர் பெயர் உள்ள முகவரிக்கு எழுதவில்லை.

"அப்ப நாலு வருஷ வேலை?" என்றேன்.

மெயில்மேப்பைத் திட்டத்துக்குள் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை என்றாள். நிரல் ஓடும்போது நினைவகத்தில் வரிகளைச் சேர்த்துக்கொள்ள லைப்ரரி இடம் தருகிறது. அந்த ஒரு வரியைத் தன் கணினியில் தனிக் கோப்பாக வைத்திருக்கிறாள். அவள் கணினியில் ஓட்டினால் பதினோரு பெயர்கள். மேலாளர் கணினியில் ஓட்டினால் பன்னிரண்டு.

"ஹெச்.ஆர்.கிட்ட குடுத்து வைக்கலாமே?"

"அவங்ககிட்ட குடுத்ததாலதானேம்மா அந்தப் பேரே வந்துச்சு." மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். "மதிப்பீட்டுப் பட்டியலை என் மெஷின்லேருந்து நான்தான் எடுத்துக் குடுக்கப்போறேன்."